தந்தை வழியும் தாய் வழியும்

பட்டாணிச் செடிகளை மாற்றி மாற்றிக் கலந்து வளர்த்துப் பரம்பரையின் விதிகளை 1866-இல் வெளியிட்ட மெண்டல் என்னும் துறவி, ஒரு குணம் தந்தை வழி வந்தாலும் தாய் வழி வந்தாலும் சந்ததியில் அதன் பலன் ஒன்றே என்று கண்டார். அவருக்குப் பின்வந்தோர் அதனைச் சகல ஜீவராசிகளுக்கும் பொதுவான நியதியாகவே கொண்டு, நூறாண்டுக்கு மேல் அதன்மீது பெரிதாக ஐயம் கொள்ளவில்லை.

பாலூட்டிகளைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை 1984-இல் தகர்ந்தது. கருவுற்ற சுண்டெலி முட்டையில் தந்தையின் உட்கருவும் தாயின் உட்கருவும் ஒன்றுகூடுமுன் சில மணி நேரம் தனித்தனியே நிற்கும். இரண்டில் தந்தையினுடையது சற்றே பெரிது. பிலடெல்பியாவில் மக்ராத், சோல்ட்டர் என்னும் இருவர் மெல்லிய கண்ணாடிக் குழலால் அவற்றில் ஒன்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மற்றொரு முட்டையிலிருந்து எடுத்ததை செண்டாய் வைரஸின் துணைகொண்டு அங்கே இணைத்தனர். கேம்பிரிட்ஜில் அஸீம் சுரானியின் குழுவினரும் தனியே இவ்வகைச் சோதனையில் ஈடுபட்டிருந்தனர். இரண்டும் தாயினுடையவையாயின் கரு ஓரளவு உருப்பெற்றும் நச்சுக்கொடி குன்றிற்று. இரண்டும் தந்தையினுடையவையாயின் நச்சுக்கொடித் திசு செழித்துக் கரு நலிந்தது. எவ்வகையிலும் குட்டி பிறக்கவில்லை.

இந்த வேற்றுமையின் சூட்சுமம் டி.என்.ஏ.யின் எழுத்துகளில் இல்லை. சைட்டோசின் என்னும் எழுத்தின்மேல் ஒட்டிக்கொள்ளும் மீத்தைல் என்ற சின்னஞ்சிறு அணுக்கூட்டத்தில் இருந்தது. அக்குறிகள் ஒவ்வொரு தலைமுறையிலும் பீஜ உயிரணுக்களில் அழிக்கப்பட்டு, அந்த உடல் ஆணா பெண்ணா என்பதற்கேற்பப் புதிதாக இடப்படுகின்றன. ஆதலால் தாயிடம் பெற்ற ஜீனை மகன் தன் மகவுக்கு அளிக்கும்போது, அது தந்தைக் குறியோடேயே செல்லும். வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்.-2 என்னும் ஜீனைப் பழுதாக்கி 1991-இல் ஆராய்ந்தபோது, அப்பழுதைத் தந்தை வழி பெற்ற சுண்டெலிகள் இயல்பான எடையில் சுமார் 60 சதவீதமே இருந்தன. தாய் வழி பெற்றவையோ குறைவின்றி வளர்ந்தன. மீத்தைல் இடும் நொதி குன்றிய சுண்டெலிக் கருக்களில் இத்தகைய வேற்றுமை குலைவதை 1993-இல் ஜானிஷ் குழுவினர் காட்டினர்.

மனிதரின் 15-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி தந்தை வழியில் இழக்கப்பட்டால் தணியாத பசி கொண்ட பிராடர்-வில்லி நோயும், ஏறக்குறைய அதே பகுதி தாய் வழியில் இழக்கப்பட்டால் பேச்சு வராமல் அடிக்கடி சிரிக்கும் ஏஞ்சல்மன் நோயும் உண்டாகின்றன. குழந்தையின் ரத்தத்தில் இந்நோய்களைத் தேடும் வைத்தியர், எழுத்துகளைப் படிக்குமுன் அவ்விடத்து மீத்தைல் குறிகளையே இன்று முதலில் சோதிக்கிறார்.