எண்ணெயில் மிதந்த இரும்பு மீன்

காசிமேட்டில் ஒரு விசைப்படகில்தான் இந்தத் தேடல் தொடங்கியது. படகோட்டி, ஜி.பி.எஸ். கருவிக்குப் பக்கத்தில் இருந்த திசைகாட்டியைத் திறந்து காட்டினார். கண்ணாடிக்கு அடியில், திரவத்தில் வட்ட அட்டை ஒன்று மிதந்தது. அலையில் படகு திரும்பத் திரும்ப, அட்டை மட்டும் வடக்கை விடவில்லை. “ஜி.பி.எஸ். மக்கர் பண்ணா இதான் சார் கரை சேர்க்கும்” என்றவர், “மீன் மாதிரி ஒண்ண வச்சு நம்ம ஆளுங்கதான் இத மொதல்ல கண்டுபுடிச்சாங்களாமே?” என்று கேட்டார்.

அவர் கேட்டது மச்ச யந்திரத்தைப் பற்றி. எண்ணெய்க் கிண்ணத்தில் மிதக்கும் இரும்பு மீன் அது. 4ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களிலேயே அது இருப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். எந்த நூல் என்று ஒருவரும் சொல்வதில்லை.

எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குத் திரும்பத் திரும்ப அலைந்து, அடிக்குறிப்புகளைப் பின்னோக்கித் தொடர்ந்தேன். இந்தியக் கப்பல் வரலாற்றை 1912இல் எழுதிய ராதாகுமுத் முகர்ஜி, இரும்பு மீனுக்கு பம்பாய் கெசட்டியரின் தாணா தொகுதியைக் கைகாட்டுகிறார். 1882இல் வந்த அத்தொகுதியில் அதைச் சொல்பவர் ரீட் என்ற கப்பல் கட்டுமான வல்லுநர். அவர் காட்டும் சான்று, மோல்ஸ்வொர்த்தின் மராத்தி அகராதியில் உள்ள ஒரு சொல். அந்த அகராதி முதலில் அச்சானது 1831இல். தடம் அங்கேயே நின்றுவிட்டது. தமிழ் நூலும் இல்லை, 4ஆம் நூற்றாண்டும் இல்லை.

அப்படியானால் மீனே பொய்யா? இல்லை. 1282இல் பைலக் அல்-கிப்ஜாகி என்பவர் அரபியில் எழுதிய நூலில், இந்தியக் கடலில் செல்லும் மாலுமிகள் உள்ளீடற்ற இரும்பு மீனை நீரில் மிதக்கவிட்டுத் திசை அறிவதாகக் குறித்திருக்கிறார். 1044இல் தொகுக்கப்பட்ட சீனப் போர்நூல் ஒன்று, அத்தகைய மீனைச் செய்யும் முறையையே விளக்குகிறது. மெல்லிய இரும்புத் தகட்டைச் செக்கச்செவேலெனக் காய்ச்சி, வாலை வடக்கு நோக்கிப் பிடித்து நீரில் தோய்க்க வேண்டும். பூமியின் காந்தமே அதில் ஏறிவிடும்.

சீனத்துக் குவான்சோ துறைமுகத்தில் சிவன் கோயில் எழுப்பிய தமிழ் வணிகர்களின் கல்வெட்டு 1281ஆம் ஆண்டினது. பைலக் எழுதியதற்கு ஓராண்டு முந்தையது. அந்த வணிகர்களின் கப்பல்களிலும் மீன் மிதந்திருக்கலாம். அதற்கு மேல் சான்று பேசவில்லை.

மறுபடி காசிமேடு போய் இதையெல்லாம் சொன்னேன். படகோட்டியின் முகம் சற்று வாடியது. “1025இல் ராசேந்திர சோழனின் படை கடல் கடந்து கடாரம் போனதே, அந்தக் கப்பல்களில் திசைகாட்டி இருந்ததாக எந்தச் சான்றும் இல்லை” என்றேன். 15ஆம் நூற்றாண்டில் வந்த இத்தாலியர் நிக்கோலோ கோன்டிகூட, இந்திய மாலுமிகள் விண்மீன்களைப் பார்த்தே கப்பல் ஓட்டியதாகச் சொல்லியிருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் சற்று நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப இந்தக் கிண்ணம்கூட இல்லாமலா சார் அவ்ளோ தூரம் போனாங்க?”

இல்லாத நூலின் பெயரால் நாம் மறைத்து வைத்திருந்தது அந்தத் திறமையைத்தான்.