கிராபிக்ஸ் டிரைவரை அகற்றினால் மடிக்கணினிக்கு என்ன நடக்கும்?

சி டிரைவ் நிறைந்துவிட்டது என்று தேவையற்ற மென்பொருட்களை நீக்கும்போது, கிராபிக்ஸ் டிரைவரையும் சிலர் சேர்த்து நீக்கிவிடுகின்றனர். உடனே திரை கறுத்துவிடுகிறது, அல்லது எழுத்துகள் பெருத்து மங்கலாகத் தெரிகின்றன. "பழுதாகிவிட்டது, போர்மட் செய்ய வேண்டும்" என்ற பேச்சும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

காணாமல் ஆக்கப்பட்ட உறவின் புகைப்படம், காணி உறுதியின் பிரதி, ஆணைக்குழுவுக்குக் கொடுத்த முறைப்பாடு ஆகியவற்றை ஒரே கணினியில் வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே அவசரப்படக் கூடாது. டிரைவரை அகற்றுவதால் கோப்புகள் அழிவதில்லை. போர்மட் செய்தால்தான் அழியும்.

டிரைவர் செய்யும் வேலை

இயங்குதளத்துக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் இடையே நிற்கும் மென்பொருளே டிரைவர். அது இல்லாதபோது விண்டோஸ் 10, 11 ஆகியவை 'மைக்ரோசொஃப்ட் பேஸிக் டிஸ்ப்ளே அடப்டர்' என்ற பொது டிரைவரைக் கொண்டு சமாளிக்கும். திரை தெரியும். ஆனால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாமல் போகலாம், வீடியோ தடங்கும், எச்டிஎம்ஐ வழியாக இணைத்த திரை வேலை செய்யாமல் விடலாம்.

சில மடிக்கணினிகளில் இன்டெல், என்விடியா இரண்டும் இருக்கும். என்விடியா இருக்கிறதே என்று இன்டெல் டிரைவரை நீக்குவது தவறு. இத்தகைய பல கணினிகளில் உள்திரை இன்டெல் சிப்புடனேயே இணைக்கப்பட்டிருக்கும். என்விடியா வரையும் படமும் அதன் வழியாகவே திரைக்கு வரும்.

திரை தெரிந்தால்

முதலில் முக்கிய கோப்புகளை பென் டிரைவில் பிரதி எடுங்கள். பின்னர் இணையத்தை இணைத்து விண்டோஸ் அப்டேட்டை இயக்குங்கள். 'ஒப்ஷனல் அப்டேட்ஸ்' பகுதியில் டிரைவர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிடைக்காவிட்டால், கணினியின் அடிப்பக்கத்தில் உள்ள மொடல் இலக்கத்தைக் கொண்டு தயாரிப்பு நிறுவனத்தின் இணையத்தளத்தில் தரவிறக்குங்கள். இரண்டு சிப் இருந்தால் இன்டெல் டிரைவரை முதலில் நிறுவுவது நல்லது.

திரை கறுத்திருந்தால்

கணினியைப் போட்டதும் நிறுவனத்தின் சின்னம் தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் திரை பழுதாகவில்லை, சிக்கல் பெரும்பாலும் மென்பொருளில்தான். சின்னமே தெரியாவிட்டால் இருட்டில் டோர்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரையின் பின்னொளி பழுதாகியிருக்கலாம்.

சின்னம் தெரிந்த பின் கறுத்தால், விண்டோஸ் ஆரம்பிக்கும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் மீட்புத் திரை வரும். அதில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' என்று சென்று ரீஸ்டார்ட் செய்து, 4ஐ அழுத்தினால் சேஃப் மோட் திறக்கும். 5ஐ அழுத்தினால் இணைய வசதியுடன் திறக்கும். அதே இடத்திலுள்ள 'சிஸ்டம் ரெஸ்டோர்' மூலம், மீட்புப் புள்ளி பதிவாகியிருந்தால், சொந்தக் கோப்புகளைத் தொடாமல் முந்தைய நிலைக்குத் திரும்பலாம்.

வன்தட்டு பூட்டப்பட்டிருந்தால் இவ்வேளையில் 48 இலக்க பிட்லொக்கர் திறப்பு இலக்கம் கேட்கப்படலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கைப் பயன்படுத்துவோருக்கு அது வழமையாக அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குக் கொண்டுசெல்லும்போது

"கிராபிக்ஸ் டிரைவர் நீக்கப்பட்டுவிட்டது, போர்மட் செய்ய வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். போர்மட் செய்தே ஆக வேண்டும் என்றால், கோப்புகளை வேறு வன்தட்டில் பிரதி எடுத்து, அவை திறக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகே சம்மதியுங்கள்.