அரவிந்த் சிஸ்டர்கள் பிறந்த கதை

சொந்தமாகக் கண் கிளினிக் நடத்தும் டாக்டர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஆள் பிரச்சினையில்தான் வந்து நிற்கும். பழக்கிவிட்ட பெண் ஆயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று எதிர்த் தெரு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். பவர் பார்க்கிறவர் லீவு போட்டால் அன்றைக்கு டாக்டரே லென்ஸ் பெட்டியைத் திறந்து உட்கார வேண்டும். மதுரையில் ஒருவர் ஐம்பது வருஷத்துக்கு முன்பே இதற்கு ஒரு வழி கண்டார். தேர்ந்த ஆளைத் தேடி அலையாமல், கிராமத்துப் பெண்களைத் தேர்ந்த ஆளாக்கினார்.

கரிசல் சீமையில் அயன் வடமலாபுரம் என்ற ஊரில் 1918-ல் பிறந்தவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. பிரசவம் பார்க்கும் மருத்துவராக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ராணுவ மருத்துவப் பணிக்குப் போன இடத்தில் முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிக்கொண்டன. நெடுநாள் படுக்கையில் கிடந்தார். அந்தக் கையோடு பிரசவம் பார்க்க முடியாது என்றான பிறகுதான் கண் பக்கம் திரும்பினார். வளைந்த விரல்களுக்குள் கத்தி அசையாமல் நிற்கும்படி பழகிக்கொண்டார். 1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவர் ஆனார். அறுபதுகளில் ஊர் ஊராகக் கண் முகாம் போட்டார்.

முகாமில்தான் கணக்கு இடித்தது. புரை எடுக்க டாக்டரின் கை தேவைப்படுவது சில நிமிஷம். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை வேலை: பார்வை சோதிப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, கண்ணீர்க் குழாயில் அடைப்பு உண்டா என்று நீர் பாய்ச்சிப் பார்ப்பது, மருந்து விடுவது, கட்டுப் போடுவது. இதையெல்லாம் டாக்டரே செய்தால் நாளெல்லாம் உழைத்தாலும் வரிசை குறையாது. அரசு ஆஸ்பத்திரி நர்ஸுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் கை பழகும் நேரத்தில் அவரை வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். 1973-லேயே கண் உதவியாளர்களுக்கென்று ஒரு பயிற்சியை வெங்கடசாமி தொடங்கிவைத்தார். பின்னாளில் கிராமத்துப் பெண்களைப் பழக்கி உருவாக்கிய அரவிந்த் சிஸ்டர்களுக்கான விதை அதுதான் என்பேன்.

1976-ல் அவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் மதுரை அண்ணா நகரில் ஒரு வாடகை வீட்டில் பதினோரு படுக்கையோடு அரவிந்த் மருத்துவமனை தொடங்கியது. வங்கி கடன் தரவில்லை. இருந்த வீட்டை அடமானம் வைத்தார். குடும்பத்தாரே ஊழியர்கள்: தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, கட்டடத்தையும் வரவு செலவையும் பார்த்துக்கொண்ட தம்பி சீனிவாசன். படித்துத் தேர்ந்த நர்ஸுகளுக்குச் சம்பளம் கொடுக்க அங்கே பணம் ஏது? கொடுத்தாலும் கண்ணைப் பற்றி முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியதுதான். அப்படியென்றால் எதற்கு நர்ஸ்? பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்ணைக் கூட்டி வந்து கண்ணை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாதா?

அந்தப் பயிற்சியை நாச்சியார் கையில் எடுத்துக்கொண்டார். தேர்வில் மார்க்கைவிடக் குணம் பார்த்தார்கள், குடும்பத்தோடும் பேசினார்கள். பதினேழு, பதினெட்டு வயதில், பெரும்பாலும் விவசாயக் குடும்பங்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். இரண்டு வருஷப் பயிற்சி. தங்க இடம், கைச்செலவுக்குப் பணம். முதல் சில மாதம் எல்லாருக்கும் ஒரே பாடம். பிறகு ஆளுக்கொரு வேலை: ஒருத்திக்குப் பவர் பார்ப்பது, ஒருத்திக்கு ஆபரேஷன் தியேட்டர், ஒருத்திக்கு வார்டு. பவர் பார்க்கும் பெண் ரெட்டினோஸ்கோப்பும் லென்ஸ் பெட்டியுமாக நாள் முழுக்க அதையே செய்கிறாள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தைப் பல பக்கமாகத் திருப்பிப் போட்ட அட்டை. கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும்.

இதன் பலனைத் தியேட்டரில் பார்க்கலாம். பக்கம் பக்கமாக இரண்டு மேசை. ஒன்றில் டாக்டர் புரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததில் ஆளைப் படுக்கவைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்தி, கருவிகளை எடுக்கும் வரிசையில் அடுக்கி சிஸ்டர் தயாராக இருக்கிறாள். இங்கே முடிந்ததும் மைக்ராஸ்கோப் அந்தப் பக்கம் திரும்புகிறது, டாக்டரும் திரும்புகிறார். எழுந்துபோய்க் காத்திருக்கும் நேரமே கிடையாது. ஒரு டாக்டர் வருஷத்துக்கு இரண்டாயிரம் ஆபரேஷன் செய்வது இப்படித்தான் முடிகிறது. பதினோரு படுக்கை வளர்ந்து 1981-ல் 250 படுக்கையுள்ள பெரிய ஆஸ்பத்திரி எழுந்தது. பணம் சேரச் சேர மாடி மாடியாகக் கட்டியது. பிறகு தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரியிலும் கிளைகள்.

வேலையைப் பிரித்து வரிசையாகச் செய்யும் மெக்டொனால்ட்ஸ் பர்கர் கடையைப் பார்த்து வெங்கடசாமி வியந்த கதையை மேலாண்மை வகுப்புகளில் ஆசையாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ அது பாதிக் கதை. பர்கருக்குப் பயம் கிடையாது. “ஏம்மா, கண்ணை வெளிய எடுத்து வச்சுட்டு மறுபடி வைப்பாகளாமே?” என்று கேட்கும் பாட்டிக்கு அதே ஊர்ப் பேச்சில் பதில் சொல்ல ஒருத்தி வேண்டும். “அதெல்லாம் இல்ல பாட்டி, கண்ணு இருக்க இடத்துலயே இருக்கும். நாளைக்கு முடிச்சுட்டு மறுநாளே கட்டை அவுத்துருவோம். பேரன் மூஞ்சியைப் பாக்க வேணாமா?” ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவைக்கும் இந்த வேலைக்கும் தனியாகச் சிஸ்டர்களைப் பழக்கினார்கள். டாக்டர் பத்து நிமிஷம் விளக்கினாலும் பாட்டி ‘மகனைக் கேட்டுச் சொல்றேன்’ என்று எழுந்துபோகக்கூடும். இந்தப் பெண்ணிடம் இன்னும் நாலு கேள்வி கேட்பார்.

குறை இல்லாமல் இல்லை. பெரிய சம்பளம் கிடையாது, வேலை கடுமை, கல்யாணமானதும் பலர் போய்விடுகிறார்கள். கண்ணை மட்டும் படித்த படிப்பை வைத்துக்கொண்டு பொது ஆஸ்பத்திரியில் நர்ஸாக முடியாது. வருஷா வருஷம் புதுப் பெண்கள் வந்துகொண்டே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் நிற்கிற ஏற்பாடு இது என்பதை, அரவிந்தைப் புகழ்கிறவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. தங்கிவிட்டவர்கள் தியேட்டரை நிர்வகிக்கிறார்கள், புதியவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள்.

1992-ல், புரை எடுத்த கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைச் சொந்தமாகச் செய்ய ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். வெளிநாட்டு லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலை. இங்கே அதன் விலையில் சிறு பங்குக்குச் செய்ய முடிந்தது. அந்தத் தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தபோதும் பொறியியல் படித்தவர்களை மட்டும் நம்பவில்லை. தலையில் குல்லாவும் முகத்தில் முகமூடியுமாக உட்கார்ந்து லென்ஸைச் செய்து சோதித்து அனுப்பும் வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு எடுத்ததைப் போலவே, கிராமத்துப் பெண்களைத்தான் எடுத்தார்கள்.