கங்காரு வாலும் நம் எலும்பும்

ஜி.என்.ராமச்சந்திரன் 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்த தமிழர். இங்கே திருவனந்தபுரத்தில் எங்கள் கிளை மலையாளிகள் "எங்க ஆளு" என்பார்கள்; நான் விடுவதில்லை!

சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவரும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்ரேயில் ஆராய்ந்தார்கள். தோலையும் எலும்பையும் தாங்கும் கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று 1954, 1955 கட்டுரைகளில் சொன்னார்கள். கயிற்றின் நடுவில் இடம் ரொம்பக் குறைவு. அதனால் ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் ஆகச் சிறிய அமினோ அமிலமான கிளைசீன்தான்.

இந்த வரிசை எங்கே எழுதியிருக்கிறது? 1960-களில்தான் தெளிவானது. டி.என்.ஏ.வில் உள்ள ஜீனை செல் ஆர்.என்.ஏ.வாக நகலெடுக்கிறது. ரைபோசோம் அதை மும்மூன்று எழுத்தாகப் படித்து அமினோ அமிலங்களைக் கோக்கிறது. 'ஜிஜி' என்று தொடங்கினால் கிளைசீன்.

காசோலையில் ஒரு எழுத்து மாறினாலே நாங்கள் திருப்பி அனுப்புவோம். ரைபோசோம் கேள்வி கேட்காது. கிளைசீன் இடத்தில் பெரிதாக வேறொன்று வந்து உட்கார்ந்தால், சில குழந்தைகளுக்குத் தூக்கும்போதே எலும்பு முறிகிறது.