பாய்க்கு ஏற்ற தையல்

தையல் இயந்திரம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது சட்டையும் பாவாடையும்தான். அதே இயந்திரத்தால், காற்றைத் தாங்கிப் படகை இழுக்கும் பாயைத் தைக்க முடியுமா? மேலை நாடுகளில் சிறிய பாய்ப்படகு வைத்திருப்போர் சிலர் தங்கள் பாயைத் தாங்களே தைத்துக் கொள்கின்றனர். எந்த இயந்திரத்தை வாங்குவது என்பதே அவர்களுடைய முதற் கேள்வி. விடை காணத் தையலின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1805-இல் டிரபால்கர் கடற்போரில் நெல்சனின் தலைமைக் கப்பல் விக்டரி. அதன் பாய்களுள் ஒன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. பரப்பு ஏறத்தாழ 3,600 சதுர அடி. குண்டு துளைத்த ஓட்டைகள் சுமார் 90. அதைக் கையால் தைக்க ஏறத்தாழ 1,200 மணி நேரம் உழைப்புத் தேவைப்பட்டிருக்கும் என்பது கணக்கு. ஒருவரே நாளுக்குப் பத்து மணி நேரம் தைத்தாலும் நான்கு மாதம்! தடித்த கித்தானில் ஊசியைத் தள்ளுவதற்காகவே பாய் தைப்போர் உள்ளங்கையில் உலோக வில்லை பதித்த தோல்பட்டை அணிந்தனர்.

1830-இல் பிரான்சு நாட்டுத் தையற்காரர் திமோனியே ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாரிசில் 80 இயந்திரங்கள் இராணுவ உடை தைத்தன. பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831-இல் அவற்றை உடைத்தெறிந்தனர். திமோனியே வறுமையில் இறந்தார். அவருடையது ஒற்றை நூலால் போடும் சங்கிலித் தையல். அரிசி மூட்டையின் வாயில் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் தையல் முழுவதும் 'சர்'ரென்று பிரிந்து வருகிறதல்லவா? அதே இனம்தான். பாய்க்கு இது உதவுமா?

1846-இல் அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் இரட்டை நூல் தையலுக்குக் காப்புரிமை பெற்றார். மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே பின்னிக் கொள்வதால், ஓரிடத்தில் அறுந்தாலும் வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வராது. ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. நீங்களே சோதித்துப் பாருங்கள். பனியன் துணியில் நேர்த்தையல் ஒரு வரிசை போட்டு இழுங்கள். துணி நீளும், நூல் 'பட்'டென்று அறும். நெளிநெளியாகச் செல்லும் ஜிக்ஜாக் தையலைப் போட்டு இழுங்கள். நெளிவு நிமிர்ந்து கொடுக்கும், நூல் தப்பும். பாய்த்துணி பனியன்போல் நீளாது என்றாலும், பலத்த காற்றில் சிறிதளவு நீளவே செய்யும். 1873-இல் ஜிக்ஜாக் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றவர் ஹெலன் பிளான்சர்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி.

1941-இல் பிரிட்டனில் வின்பீல்டும் டிக்சனும் பாலியெஸ்டர் இழையை உருவாக்கினர். 1950-களில் அது பாய்த்துணியாயிற்று. பருத்தியில் நூல் துணிக்குள் புதைந்து விடும். கெட்டியான பாலியெஸ்டர் பாயிலோ நூல் மேலேயே துருத்தி நிற்கும். கயிற்றில் உராயும், வெயிலில் நைந்து போகும். ஆகவே துணி கிழியுமுன் தையல் விட்டுப் போவதுண்டு.

இப்போது விடை உங்களுக்கே விளங்கியிருக்கும். வேகத்தையும் பூவேலைகளையும் பார்த்து மயங்க வேண்டாம். அகலமான ஜிக்ஜாக் தையல் வேண்டும். கனமான கைச்சக்கரம் வேண்டும். மெதுவாகச் சுற்றும்போதும் அதுவே ஊசிக்கு வலுத்தரும். அடுக்குகள் ஒன்றையொன்று விட்டு நகராதபடி, மேலிருந்தும் துணியைத் தள்ளும் பாதம் இருந்தால் மிக நன்று. சுருட்டிய பாய் நுழைய ஊசிக்கு வலப்புறம் இடமும் வேண்டும். வாங்குமுன் பாயின் மூலையில் வரும் அத்தனை மடிப்புகளையும் அதே துணியில் மடித்துத் தைத்துப் பாருங்கள். அங்கே திணறும் இயந்திரத்தைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். நடுக்கடலில் தையல் விட்டால், அடுத்த தெருவில் தையற்கடை இராது!