அயர்லாந்தில் அறாத மணம்

ஞானஸ்நானம் பெற்ற இருவர் முறைப்படி மணந்து இல்லறம் தொடங்கியபின், மரணமன்றி வேறெதுவும் அம்மணத்தை முறிக்காது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. திரெந்து நகரில் கூடிய திருச்சபைப் பேரவை 1563-இல் இதனை வலியுறுத்திற்று. அடியார் உள்ளத்தில் வாழும் போதனை அரசின் சட்டமாகும்போது யாது நேரும்? அயர்லாந்தின் வரலாறு விடை பகரும்.

1922-இல் தன்னாட்சி பெற்ற அந்நாட்டில், பாராளுமன்றத்தின் தனிச்சட்டம் ஒன்றே மணவிலக்கிற்கு வழியாக எஞ்சியிருந்தது. 1925-இல் அதுவும் அடைபட்டது. சிறுபான்மைப் புராட்டஸ்தாந்தருக்கு இஃது அநீதியென மேலவையில் கவிஞர் யேட்ஸ் வாதிட்டார், பயனில்லை. 1937-ஆம் ஆண்டின் அரசியலமைப்போ, மணவிலக்குச் சட்டம் இயற்றுவதையே தடுத்துவிட்டது.

பிரிந்து வாழ்ந்தோர் மறுமணம் புரிய இயலவில்லை. வேறு துணையுடன் வாழ்ந்தோர்க்குத் தம்பதியர் என்னும் உரிமை கிட்டவில்லை. எனினும் 1986-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் 63 விழுக்காட்டினர் தடையையே ஆதரித்தனர். கைவிடப்படும் மனைவியர் வீடும் நிலமும் இழப்பரோ என்ற அச்சம் அதற்கொரு காரணம். பிரிந்தோரின் சொத்துப் பங்கீட்டை 1989-ஆம் ஆண்டுச் சட்டம் சீர்செய்தது. 1995-இல் மக்கள் மீண்டும் வாக்களித்தனர். ஏறத்தாழ 16 இலட்சம் வாக்குகளில் 9,000 சொச்சம் வாக்கு வேறுபாட்டில் தடை நீங்கிற்று.

திருச்சபையின் போதனை மாறவில்லை. தடை நீங்கிய பின்னரும், ஐரோப்பாவில் மணவிலக்கு குறைந்த நாடுகளுள் ஒன்றாகவே அயர்லாந்து விளங்குகிறது. இல்லறத்தைக் காப்பது பூட்டிய கதவன்று, பூண்ட உறுதியே என்பதற்கு இது சான்றன்றோ!