படமும் பட்டியலும்

படம் காண்போர் கண்ணுக்கு இனிமை தரும். வரலாற்றுக்குத் துணையாவதோ அதனோடு சேர்ந்த குறிப்பேயாகும். யார், எங்கே, எப்போது என்னும் வினாக்களுக்கு விடை தராத படம், முகவரி அழிந்த கடிதத்தை ஒக்கும். இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஆயிரக்கணக்கான படங்கள் குவிந்துள்ளன. அவற்றைத் தேடிப் பட்டியலிடும் பணியும், ஏவியதைப் படிப்படியாகத் தானே செய்து முடிக்கும் கணினி நிரல்களிடம் சென்று சேர்கின்றது. இவற்றைச் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் என்பர். ஆதலின், படங்களுக்குப் பட்டியல் அமைந்த வரலாற்றை ஆராய்தல் பயனுடைத்து.

1856-இல் சென்னை அரசு லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரியைத் தன் ஒளிப்படக்காரராக அமர்த்தியது. அவர் மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை முதலிய இடங்களைப் படமெடுத்து, 1858-இல் தொகுதிகளாக வெளியிட்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தார். எந்தப் படம் எதனை அடுத்து வருவது என்னும் வரிசை பிறழ்ந்திருப்பின் அக்கல்வெட்டு படிக்கத்தக்கதாய் இராது. படத்தை ஆவணமாக்கியது ஒழுங்கே என்பது இதனாற் புலனாகும்.

ஆயினும், ஒழுங்கான பட்டியலும் குறையுடையதாகலாம். 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்னும் ஒளிப்படத் தொகுதி எட்டு பாகங்களாக வெளிவந்தது. அதில் பெரும்பாலோர் இனத்தாலும் குலத்தாலும் தொழிலாலும் குறிக்கப்பெற்றனரேயன்றித் தம் பெயரால் குறிக்கப்பெற்றிலர். மலாயாவின் பழைய அஞ்சலட்டைகளிலும் 'தமிழ்க் கூலிகள்' என்னும் இரு சொல்லே நம் முன்னோர் பலருக்கு எஞ்சிய அடையாளம். பட்டியலில் பெயருக்கு ஓர் இடம் வகுக்காமையால், முகம் இருந்தும் மனிதர் மறைந்தனர்.

இனி, இக்காலப் பட்டியலைக் காண்போம். படக்கோப்பினுள்ளேயே குறிப்புகளைப் பதியும் 'எக்சிஃப்' என்னும் முறையை 1995-இல் ஜப்பானிய மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் வகுத்தது. எடுத்த நேரம், கருவியின் பெயர், இடத்தின் நிலவரை ஆயங்கள் ஆகியவை அதில் அடங்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசி, படம் எடுத்த நேரத்தை 1970 தொடக்கத்திலிருந்து மில்லி வினாடிகளாகவும், அது கைப்பேசியிற் சேர்ந்த நேரத்தை வினாடிகளாகவும் எண்ணி வைக்கின்றது. இவ்வேறுபாட்டை அறியாத முகவர், 2023 நவம்பரில் சேர்ந்த படத்தை 1970 சனவரிக்கு உரியதென்று கூறிவிடும்.

இங்கேதான் விளக்கவுரையின் இன்றியமையாமை தோன்றுகின்றது. முகவர் ஒரு கருவியை அதற்கு எழுதப்பட்ட விளக்கத்தைக் கொண்டே அறிகின்றது. இத்தகைய இணைப்புக்குரிய பொதுமுறைகளுள் ஒன்று 2024 நவம்பரில் வெளியிடப்பட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' ஆகும். அம்முறையில் கருவியின் பெயரும், அது செய்யும் பணியும், அதற்குத் தரவேண்டிய உள்ளீடுகளும் எழுத்தில் அமைகின்றன. எந்த நேரம் எந்த அளவையில் உள்ளது, எத்தனை படங்கள் ஒருமுறையில் வரும், எது பட்டியலில் வாராது என்பவற்றையும் நல்ல விளக்கம் சொல்லுதல் வேண்டும். அது சொல்லாது விட்டதை முகவர் ஊகித்து நிரப்பும். ஊகமோ உண்மைபோலத் தோன்றும்.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் செல்லும் வழியிலுள்ள மம்பாவ் வட்டாரத்தை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் தெளிவாகும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நாடெங்கும் தோட்டத் துண்டாடல் பரவியது. அதனைத் தடுக்கவே 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. எனினும், பின்னாளில் நெகிரி செம்பிலானில் பால்மரக் காடுகள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களும் பிரட்டுக் களங்களும் மறைந்தபின், அவற்றின் சாட்சியாக நிற்பவை குடும்பங்களிடம் உள்ள பழைய படங்களே.

அப்படங்களைக் கைப்பேசியால் மீண்டும் படமெடுக்கும்போது பதிவது இன்றைய நாள். வாட்ஸ்அப் வழியே படமாக அனுப்பினால் உட்குறிப்புகள் நீங்கிவிடும். அனுப்பிய நாளே கோப்பின் பெயரில் ஏறுவதும் உண்டு. எனவே, அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட தோட்டத் திருவிழா, முகவரின் பட்டியலில் சென்ற வாரத்து நிகழ்ச்சியாகிவிடுகின்றது. படத்திலுள்ள கங்காணி யார், பால்வாளி ஏந்திய அம்மையார் யார் என்பதையும் எந்த உட்குறிப்பும் கூறாது.

அதனைக் கூறவல்லார் இன்னும் நம்மிடையே உளர். முதியோரிடம் கேட்டு, பெயரையும் தோட்டத்தையும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் தமிழில் எழுதிப் படத்தோடு சேர்த்து வைப்பது, பள்ளி மாணவரும் ஆற்றத்தக்க பணியே. கருவிக்கு விளக்கம் வரைவோர் பெயருக்கும் தமிழ்க் குறிப்புக்கும் இடம் வகுக்க வேண்டும். அவ்விடத்தை நிரப்பும் கடமை நம்முடையதாகும்.